சாரம் கட்டியாச்சு, வீடு எங்கே?

கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு வரி. 'என்ஜி ஜெனரேட் காம்போனென்ட்' என்று அடித்து, பக்கத்தில் ஏதோ ஒரு பெயரையும் கொடுத்து என்டரைத் தட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் புதிதாக ஒரு ஃபோல்டர் முளைக்கிறது. அதற்குள் 4 கோப்புகள். டைப்ஸ்கிரிப்ட் ஒன்று, ஹெச்டிஎம்எல் ஒன்று, சிஎஸ்எஸ் ஒன்று, சோதனைக் கோப்பு ஒன்று. ஆங்குலர் கற்க ஆரம்பிக்கும் மாணவர் முதல் நாள் பார்க்கும் வித்தை இதுதான். "அட, பாதி வேலை முடிந்துவிட்டதே!" என்று தோன்றும்.

பாதி வேலை முடிந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சின்ன விளக்கம். இன்றைய இணையப் பக்கம் ஒரே துண்டாக எழுதப்படுவதில்லை. தேடல் பெட்டி ஒரு துண்டு, உள்நுழைவுப் படிவம் ஒரு துண்டு, மேலே இருக்கும் மெனு ஒரு துண்டு. இப்படி ஒவ்வொரு துண்டுக்கும் காம்போனென்ட் என்று பெயர். ஒவ்வொன்றையும் ஆரம்பிக்கும்போது திரும்பத் திரும்ப எழுத வேண்டிய சில வரிகள் உண்டு. எதை இறக்குமதி செய்வது, வகுப்பின் பெயர் என்ன, எந்த வார்ப்புக் கோப்போடு இணைப்பது என்று. கல்யாணப் பத்திரிகை மாதிரி. பெயர், தேதி, மண்டபம் மட்டும் மாறும். மற்றதெல்லாம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

இந்த மாறாத வரிகளை ஆங்கிலத்தில் பாய்லர்பிளேட் என்பார்கள். கொதிகலன் செய்யும் இரும்புத் தகடு என்பது நேர்ப்பொருள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் சின்ன ஊர்ப் பத்திரிகைகளுக்கு, வெளியூர் நிறுவனங்கள் கட்டுரைகளை உலோகத் தகடாகவே வார்த்து அனுப்பி வைத்தன. அதை வாங்கியவர் அப்படியே அச்சு இயந்திரத்தில் மாட்ட வேண்டியதுதான். உள்ளே ஒரு வார்த்தையை மாற்றுவது லேசான காரியம் இல்லை. பக்கம் நிரம்பிவிடும். ஆனால் அந்த ஊர்ச் செய்தி எதுவும் அதில் இருக்காது. காம்போனென்ட் ஜெனரேட்டர்களின் நல்லதும் கெட்டதும் இந்தப் பழைய தகட்டிலேயே இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு குழுவில் 5 பேர் இருந்தால் கோப்புக்குப் பெயர் வைப்பதில் 5 விதம் வரும். ஒருவர் எல்லாம் சின்ன எழுத்தில் வைப்பார், இன்னொருவர் நடுவில் கோடு போடுவார், மூன்றாமவர் சோதனைக் கோப்பை வேறெங்கோ ஒளித்து வைப்பார். ஜெனரேட்டர் இருந்தால் இந்தச் சண்டை முளைக்காது. புதிதாகச் சேர்ந்தவரும் எது எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எழுத்துப் பிழையால் ஒரு இறக்குமதி வரி வேலை செய்யாமல் அரை மணி நேரம் தேடும் அவஸ்தையும் குறையும். இதெல்லாம் உண்மையான பலன்கள். யாரும் மறுக்க முடியாது.

ஆனால் பெரும்பாலும் பெருமையாகச் சொல்லப்படுவது வேறு ஒன்று: நேரம் மிச்சம். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காம்போனென்டின் எலும்புக்கூட்டைக் கையால் எழுத 3 நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இறுதியாண்டு ப்ராஜெக்டில் 40 காம்போனென்ட் இருந்தால் மொத்தம் 120 நிமிடம், அதாவது 2 மணி நேரம். மாதக்கணக்கில் நடக்கும் ஒரு வேலையில் மிச்சமானது ஒரு சினிமா பார்க்கும் நேரம். அந்த 2 மணி நேரத்துக்காக எது விலையாகப் போகிறது என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

முதல் விலை, அந்த நான்காவது கோப்பு. அதாவது சோதனைக் கோப்பு.

ஆங்குலரின் கருவி ஒவ்வொரு காம்போனென்டுக்கும் தானாகவே ஒரு சோதனையை எழுதித் தருகிறது. அந்தச் சோதனை கேட்பது ஒரே ஒரு கேள்வி: 'இந்தக் காம்போனென்ட் உருவானதா?' உருவாகியிருந்தால் பச்சை டிக். அவ்வளவுதான். அடியோடு வீண் என்று சொல்லிவிட முடியாது. காம்போனென்டுக்குத் தேவையான ஏதாவது ஒன்று கிடைக்காமல் போனால் அது சிவப்பைக் காட்டும். ஆனால் அந்தக் காம்போனென்ட் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறதா என்று அது கேட்பதே இல்லை. கேட்கவும் முடியாது. ஏனென்றால் அந்த வேலை என்ன என்று கருவிக்குத் தெரியாது.

ஒரு மாணவி உள்நுழைவுப் படிவம் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி கொடுத்த சோதனையைத் தொடவில்லை. ப்ராஜெக்டில் மொத்தம் 40 காம்போனென்ட், 40 பச்சை டிக். அறிக்கையில் '40 சோதனைகளும் வெற்றி' என்று எழுதுகிறார். பொய் இல்லை. வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்கிறார்: "கடவுச்சொல் தப்பாகக் கொடுத்தால் என்னம்மா ஆகும்?" கொடுத்துப் பார்த்தால் திரை அப்படியே நிற்கிறது. பிழைச் செய்தி இல்லை, ஒன்றும் இல்லை. 40 பச்சை டிக்குகளும் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நிற்கின்றன.

சோதனையே எழுதாமல் விட்டிருந்தால் குறைந்தபட்சம் 'எழுதவில்லை' என்ற உறுத்தலாவது இருந்திருக்கும். காலி இடம் காலி இடமாகவே தெரிந்திருக்கும். தானாக வந்த கோப்பு அந்தக் காலி இடத்தை மூடிவிட்டது. இது மாணவர் ப்ராஜெக்டில் மட்டும் நடக்கிற கதையும் இல்லை. சம்பளம் வாங்கும் குழுக்களிலும் நடக்கிறது. சோதனைக் கோப்பு வேண்டாம் என்று சொல்ல அந்தக் கட்டளையிலேயே ஒரு தேர்வு உண்டு. எழுதப் போவதில்லை என்றால் அதைப் பயன்படுத்துவதே நேர்மை.

இரண்டாவது விலை கொஞ்சம் தாமதமாக வரும். ஜெனரேட்டர் செய்வது நகல் எடுக்கும் வேலை. நூலகத்தில் இருக்கும் ஒரு செயற்கூற்றை 40 இடங்களில் கூப்பிட்டால், மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தியதும் 40 இடத்திலும் திருந்திவிடும். ஆனால் வார்ப்பிலிருந்து 40 நகல் எடுத்துவிட்டால் அவற்றுக்கும் மூலத்துக்கும் தொப்புள்கொடி அறுந்துவிடுகிறது. வார்ப்பை நாளைக்குத் திருத்தினால் நாளைக்குப் பிறக்கும் 41ஆவது மட்டும்தான் திருத்தமாகப் பிறக்கும். பழைய 40 பழைய தப்போடேயே வாழும்.

வார்ப்புகளுக்கு வயதாவது எவ்வளவு சீக்கிரம் என்பதற்கு யோமன் நல்ல உதாரணம். 2012இல் கூகுள் ஐ/ஓ மாநாட்டில் அறிமுகமானபோது பெரிய வரவேற்பு. ஒரு கட்டளை கொடுத்தால் முழு இணையச் செயலிக்கான எலும்புக்கூடே வந்து விழும். உள்ளே கிரண்ட், பவர் என்று அந்தக் காலத்து நட்சத்திரங்கள். சில ஆண்டுகளிலேயே கிரண்டின் இடத்தை வெப்பேக் போன்றவை பிடித்தன. பவரோ, 2017 வாக்கில் தன்னைத் தேடி வருபவர்களிடமே 'வேறு கருவிக்குப் போங்கள்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. யோமன் இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று அது பெற்றுப்போட்ட ப்ராஜெக்டுகளை யார் பழுது பார்ப்பது? கருவி தந்தது என்பதற்காகக் கிரண்டை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, ஏன் கிரண்ட் என்றும் தெரியாது, அதை எப்படிக் கழற்றுவது என்றும் தெரியாது.

இன்னும் சமீபத்திய உதாரணமும் உண்டு. ஆங்குலரில் வருடக்கணக்காகக் கோப்பின் பெயரிலும் வகுப்பின் பெயரிலும் 'காம்போனென்ட்' என்ற வால் இருக்கும். எல்லாப் பாடங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தன. அதை ஒரு சட்டம் போலவே பலர் மனப்பாடம் செய்தார்கள். 2025 மே மாதம் வந்த 20ஆம் பதிப்பில் அந்தக் கருவி வாலை வைப்பதை நிறுத்திவிட்டது. பழைய வழக்கம்தான் வேண்டும் என்றால் அமைப்புக் கோப்பில் குறித்துக்கொள்ளலாம். இதில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் கருவி சொன்னது சட்டம் என்று நினைத்திருந்தவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. அது சட்டமே இல்லை, யாரோ ஒருநாள் எடுத்த முடிவு. எடுத்தவர்களே மாற்றிக்கொண்டார்கள்.

மூன்றாவது விஷயம்தான் முக்கியம். ஒரு கருவியால் யோசிக்காமலேயே எழுதிவிட முடிகிற வரிகளை மனிதர் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டுத்தான் ஜெனரேட்டர் பிறக்கிறது. நல்ல கேள்வி. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. அந்த வரிகள் கோப்பில் ஏன் இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பெயர் ஒன்றைக் கொடுத்ததும் மற்ற எல்லாவற்றையும் கருவியே ஊகித்துவிடுகிறது என்றால், அதே ஊகத்தை ஃப்ரேம்வொர்க்கே செய்திருக்கலாமே? ஜெனரேட்டர் என்பது தெர்மாமீட்டர் மாதிரி. அதில் அளவு ஏறினால் உடம்பில் காய்ச்சல் இருக்கிறது என்று அர்த்தம். தெர்மாமீட்டரைப் பாராட்டிக்கொண்டே இருந்தால் காய்ச்சல் போகாது.

இதற்கு ஆதாரம் வரலாற்றிலேயே இருக்கிறது. 2015இல் வந்த ரிடக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன எண்ணை ஒன்று கூட்ட வேண்டும் என்றாலும் செயலின் பெயருக்கு ஒரு மாறிலி, அந்தச் செயலை உருவாக்க ஒரு செயற்கூறு, அதைக் கவனிக்க ஒரு ரிடியூசர் என்று 3 கோப்புகளைத் தொட வேண்டிய வழக்கம் வளர்ந்தது. உடனே அந்த 3 கோப்புகளையும் பெற்றுப்போட விதவிதமான ஜெனரேட்டர்கள் வந்தன. நோய் தீரவில்லை, வேகமாகப் பரவியது. 2019இல் ரிடக்ஸ் டூல்கிட்டின் முதல் முழுப்பதிப்பு வந்தபோதுதான் மருந்து கிடைத்தது. ரிடியூசரை எழுதினால் போதும், மாறிலியையும் செயலையும் அதுவே உருவாக்கிக்கொள்ளும். பெற்றுப்போட வேண்டிய கோப்புகளே மறைந்தபோது ஜெனரேட்டரின் தேவையும் மறைந்தது.

ஆங்குலரிலும் அதே கதை. முன்பு புதிய காம்போனென்டைச் செய்தால் அதை ஒரு மாட்யூலின் பட்டியலிலும் பதிவு செய்ய வேண்டும். மறந்தால் புரியாத பிழைச் செய்தி வரும். கட்டளை வரிக் கருவி அந்தப் பதிவையும் தானே செய்து கொடுத்ததால் பலர் அதைக் கும்பிட்டார்கள். ஆனால் தனித்து நிற்கும் காம்போனென்டுகள் 2022இல் 15ஆம் பதிப்பில் நிலைபெற்று, 2023 நவம்பரில் 17ஆம் பதிப்பில் புதிய ப்ராஜெக்டுகளின் இயல்பான வழியே ஆகிவிட்டன. அந்தப் பதிவேட்டுக்கே வேலை இல்லாமல் போனது. கருவி பல ஆண்டுகள் சுமந்த வலியை ஃப்ரேம்வொர்க் ஒருநாள் இறக்கி வைத்தது. கருவி இவ்வளவு நன்றாகச் சுமக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை இன்னும் சீக்கிரமே இறக்கி வைத்திருப்பார்களோ என்னவோ.

"அப்படியானால் எல்லாவற்றையும் நகல் எடுக்காமல் ஒரு பொட்டலத்துக்குள் பூட்டி வைத்துவிடலாமே" என்று ஒரு பதில் வரும். அதையும் செய்து பார்த்தாயிற்று. 2016இல் ஃபேஸ்புக்கிலிருந்து வந்த கிரியேட் ரியாக்ட் ஆப் அப்படித்தான். சிக்கலான அமைப்புகளை எல்லாம் ஒரே பொட்டலத்துக்குள் மறைத்து வைத்தது. உள்ளே கை வைக்க வேண்டும் என்றால் 'இஜெக்ட்' என்று ஒரு கட்டளை. ஒருமுறை செய்தால் திரும்ப முடியாத ஒற்றையடிப் பாதை. மறைத்து வைத்தவர்கள் தொடர்ந்து பராமரிக்கும் வரை சுகமாகவே இருந்தது. 2021 டிசம்பரில் 5ஆம் பதிப்பு வந்தது. அதற்குப் பிறகு பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதற்கு அதிகாரபூர்வமாக விடைகொடுத்துவிட்டது. ஆக, நகலாகக் கொடுத்தாலும் பூட்டிக் கொடுத்தாலும் ஒரு விஷயம் மாறவில்லை: உள்ளே இருக்கும் முடிவுகளை யாராவது ஒருவர் புரிந்துகொண்டு சுமந்தே ஆக வேண்டும்.

இந்த விதத்தில் 2023 முதல் பரவலான ஷாட்சிஎன் கொஞ்சம் நாணயமானது. அதன் கட்டளையும் ஒரு பொத்தானையோ உரையாடல் பெட்டியையோ கோப்பாகவே ப்ராஜெக்டுக்குள் கொண்டுவந்து போடுகிறது. ஆனால் 'இது இனி உங்கள் நிரல், படித்து மாற்றிக்கொள்ளுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. வீட்டுப் பத்திரம் கைக்கு வந்துவிட்டது, கூரை ஒழுகினால் வாங்கியவர்தான் பார்க்க வேண்டும். படிக்காமல் 30 கோப்புகளை இறக்குகிறவர்களுக்கு இதுவும் பழைய கதைதான்.

இந்த இடத்தில் இன்னொரு குரலும் கேட்கும்: "செயற்கை நுண்ணறிவே முழுக் காம்போனென்டையும் எழுதித் தரும் காலத்தில் இந்தப் பஞ்சாயத்து எதற்கு?" உண்மையில் இப்போதுதான் இந்தப் பஞ்சாயத்து அதிகம் தேவை. பழைய ஜெனரேட்டரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒரே பெயரைக் கொடுத்தால் ஒரே கோப்புதான் வரும். வார்ப்பை ஒருமுறை படித்துவிட்டால் அதிலிருந்து வரும் எல்லாவற்றையும் படித்த மாதிரி. மொழி மாதிரியிடம் 10 முறை கேட்டால் 10 விதமாக வரலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். எலும்புக்கூட்டையே கையால் எழுதிப் பார்க்காதவர் அந்தப் பத்தில் எது சரி என்று எதை வைத்துச் சொல்வார்?

சரி, என்னதான் செய்வது? ஜெனரேட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். முதல் 3 காம்போனென்டுகளைக் கையால் எழுத வேண்டும். வெற்றுக் கோப்பிலிருந்து, ஒவ்வொரு வரியாக. முதலாவதில் எல்லாமே தப்பாகும். இரண்டாவதில் எந்த வரி எதற்கு என்று தெரியும். மூன்றாவதை எழுதும்போது அலுப்பு வரும். அந்த அலுப்புதான் ஜெனரேட்டர் வாங்கத் தகுதிச் சான்றிதழ். எது மாறுகிறது, எது மாறவில்லை என்பது இப்போது சொந்த அனுபவம்.

அதற்குப் பிறகு குழுவே தன் வார்ப்பை எழுதிக்கொள்வது நல்லது. ப்ளாப், ஹைஜென் போன்ற சின்னக் கருவிகள் இதற்காகவே இருக்கின்றன. வார்ப்புகள் ப்ராஜெக்டுக்கு உள்ளேயே, மற்ற நிரல்களோடு சேர்ந்தே இருக்கும். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பது கிட் வரலாற்றில் பதிவாகும். ஃப்ரேம்வொர்க் செய்தவர்களுக்குத் தெரியாத, இந்தக் குழுவுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை அதில் வைக்கலாம். அதுவும் மனிதர்கள் வழக்கமாக மறக்கிற விஷயங்களை. உள்ளீட்டுப் பெட்டிக்கு லேபிள் இணைக்கப்பட்டிருக்கிறதா? அது இல்லையென்றால் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்றவருக்கு அந்தப் பெட்டி எதற்கென்றே தெரியாது. தரவு வரும் வரை என்ன காட்டுவது? வராவிட்டால் என்ன காட்டுவது? பட்டியல் காலியாக இருந்தால் என்ன காட்டுவது? இந்த இடங்களை வார்ப்பு காலியாக விட்டு, நிரப்பாமல் விட்டால் சிவப்பைக் காட்டும் சோதனையாக வைத்தால் இன்னும் நல்லது. பொய்ப் பச்சையைவிட உண்மைச் சிவப்பு ஆயிரம் மடங்கு உபயோகம். வைவாவில் நின்ற அந்த மாணவிக்கு அந்தச் சிவப்பு ஒரு மாதம் முன்பே கிடைத்திருக்கும்.

வார்ப்பு வளர்ந்துகொண்டே போனால் மட்டும் சந்தேகப்பட வேண்டும். அதில் 100 வரிகள் சேர்ந்துவிட்டதென்றால் அவை நகலாக இருக்க வேண்டியவை இல்லை, பொதுவான ஒரு செயற்கூறாக மாற வேண்டியவை. நல்ல ஜெனரேட்டர் காலப்போக்கில் இளைத்துக்கொண்டே வரும்.

இந்தக் கலைக்கு ரூபி ஆன் ரெயில்ஸ்காரர்கள் 2000களிலேயே ஒரு பெயர் வைத்தார்கள்: ஸ்கேஃபோல்ட். ஒரே கட்டளையில் தரவுத்தள அட்டவணை முதல் படிவம் வரை முளைக்கும். 2005இல் 15 நிமிடத்தில் ஒரு வலைப்பதிவைச் செய்து காட்டிய அவர்களது காணொளி அப்போது பெரிய பேச்சு. அந்தச் சொல்லுக்குத் தமிழில் சாரம். கொத்தனார் ஏறி நின்று வேலை செய்யக் கட்டுகிற சாரம். தமிழில் இன்னொரு வசதி, சாரம் என்றால் பிழிந்தெடுத்த சத்து என்றும் பொருள் உண்டு. இந்த இரண்டு சாரத்தையும் குழப்பிக்கொள்வதுதான் மொத்தச் சிக்கலும். கட்டளை தருவது முதல் சாரம். சுவர் எழும்பியதும் அதைப் பிரித்து அடுக்கி வைத்துவிட வேண்டும். அதிலேயே குடியேறிவிட்டு வீடு கட்டியாச்சு என்று சொல்பவர்களை முதல் மழை வந்து விசாரிக்கும்.